உருண்டை வால் நண்டு

காஜா பேராங்கில் செட்டிகளின் கம்போங் குடியிருப்பில் கடைசி வீடு மீனாச்சியுடையது. சமையற்கட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு ஒரு வருடம் முன்பு தியாகு தன் மனைவி ருக்மணியையும் மகள் கோகிலாவையும் தங்கை ஜெயாவையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குக் குடிவந்தான். எல்லோரும் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். டவுனில் ரோடு போடும் வேலை கிடைத்ததென்று தோட்டத்தை விட்டு வந்துவிட்டார்கள்.

மீனாச்சி விதவை. நெற்றி நிறையத் திருநீறு பூசி, சாரோங் கைலியும் கெபாயா மேல்சட்டையும் உடுத்தி, மாரியம்மன் கோயிலில் கைகூப்பி நிற்பாள். வாயைத் திறந்தால் மலாய்தான்; செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே கடல் தாண்டி வந்து தமிழை மறந்துவிட்டவர்கள். செட்டிகளின் மலாயில் அங்கங்கே தங்கிப்போன தமிழ்ச் சொற்களில் ‘அக்கா’வும் ஒன்று. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ருக்மணி அவளிடம் ஒட்டிக்கொண்டாள். மற்றபடி இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் சந்தைக்கடைப் பசார் மலாயில்தான்.

நாற்பத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதத்தில் ஒருநாள், ரோட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் பெயர் பதிய வரவேண்டும் என்று திடலுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மூன்று லாரிகள் நின்றன. சயாமில் ரயில் பாதை வேலை, மூன்றே மாதம், அரிசி நிறையக் கிடைக்கும் என்றார்கள். தியாகு வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகக்கூட விடவில்லை. லாரியிலிருந்து எட்டிப் பார்த்து, தெரிந்த ஒருவனிடம் “மூணு மாசம்னு சொல்லிரு” என்று கத்தினானாம். ருக்மணி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

பிள்ளை செப்டம்பரில் பிறந்தது. பையன். நடராஜன் என்று பெயர் வைத்தாள். அரிசிக் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி பத்து நாளைக்கும் காணாது. மற்ற நாளெல்லாம் மரவள்ளிக் கிழங்குதான். பால் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. ஐந்தாவது மாதம், மாசியில் ஒரு மத்தியானம், பிள்ளை மடியிலேயே அடங்கிப்போனது. ஜெயா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ருக்மணி அழவில்லை. பிள்ளையின் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் மடித்து வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. கோகிலா கீழே விழுந்து முட்டி சிராய்த்தால் துடைத்துவிடுவாள். யாராவது சிரித்தால் பார்ப்பாள். அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசராக இருந்த பொன்னுதுரை அடுத்த சந்தில் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளை இறந்தது கேட்டு வந்தவர் ருக்மணியின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் எடுத்த இடம் பள்ளமாகவே நின்றது.

“கிழங்கு மட்டும் திண்டா இப்பிடித்தான் ஊதும். என்னட்ட மருந்தில்லைப் பிள்ளை. கடற்கரைக்குப் போய் மட்டி பொறுக்கித் தின்னுங்கோ. நல்லா அவிச்சுத் தின்னவேணும். டவுன் ஆத்து வாயில மட்டும் பொறுக்காதேங்கோ, சாக்கடை முழுக்க அங்கதான் விழுகுது. போன மாசம் காய்ச்சல்ல வந்தவை முக்கால்வாசிப் பேர் அந்த மட்டியைத் திண்டவைதான்.”

ருக்மணி தோட்டத்தில் கருவாடு தின்று வளர்ந்தவள். உயிரோடு இருக்கும் சிப்பியைத் தொட்டதில்லை. மீனாச்சிதான் தெங்கிரா தாண்டி லிம்போங்கான் கரைக்கு அவளையும் ஜெயாவையும் கூட்டிப் போனாள். கடல் வற்றியதும் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கி, குதிகாலால் அழுத்தித் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். கல்லைப் போல ஏதாவது இடித்தால் குனிந்து எடுக்க வேண்டும், அதுதான் கெராங் மட்டி. ஓட்டில் வரிவரியாக இருக்கும். வேகவைத்தால் வாய் திறந்து உள்ளே ரத்தம்போலச் சிவந்திருக்கும். முதல் நாள் ருக்மணி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டு மாதத்தில் கால் வீக்கம் வற்றியது. கோகிலாவின் வாய்ப்புண் ஆறியது.

ஜெயாவுக்குப் பதினெட்டு வயது. சிப்பாய்களுக்குப் பயந்து தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தால் தூரத்திலிருந்து பையனைப் போல இருக்கும். ஓயாமல் பேசுவாள். எப்போதும் பசி அவளுக்கு. ஆனாலும் நடராஜன் போனதிலிருந்து தன் கிழங்கில் பாதியைக் கோகிலாவுக்குப் பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தின்றாள்.

கரைக்கு வருகிற கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகியது. தெங்கிரா மலாய்க்காரர்கள், கடையை மூடிவிட்ட சீனர்கள், தள்ளு வலையோடு கூனி இறால் அள்ள வரும் போர்த்துக்கீசிய வம்சத்துச் செரானிகள், யார் யாரோ. டவுன் முழுக்க அந்தச் சேற்றையே கிளறியது. மாசியில் எலுமிச்சம்பழ அளவில் இருந்த கெராங் ஆனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. இந்தக் குஞ்சுகளை விட்டால் இரண்டு மாதத்தில் பெருத்துவிடும் என்று மீனாச்சி சொன்னாள். யாரும் விடவில்லை. அவளும் விடவில்லை.

அந்த ஆனியில்தான் ஒருநாள், கடல் ஏறும் நேரத்தில் மணலோரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒதுங்கிய இரண்டு பெலங்காஸ் நண்டுகளை மீனாச்சி பிடித்தாள். லாடம் போல வளைந்த ஓடு, அடியில் சிலந்திக் கால்கள், பின்னால் ஈட்டி மாதிரி ஒரு வால். தட்டு அகலத்துக்கு இருந்தது பெண். தேங்காய் மட்டைத் தீயில் மல்லாத்திப் போட்டுச் சுட்டு, குடலையெல்லாம் எறிந்துவிட்டு, முட்டையை மட்டும் வழித்து எலுமிச்சம் பிழிந்து கொடுத்தாள். ஜெயா இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் மீனாச்சிக்கு மலேரியாக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாயில் நடுங்கிக் கிடந்தாள். கோகிலாவை அவளருகே விட்டுவிட்டு ருக்மணியும் ஜெயாவும் விடியும்போதே கிளம்பினார்கள். லிம்போங்கானில் முள்கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. சிப்பாய்களுக்குப் பயிற்சியாம், துப்பாக்கியோடு நின்றவன் கையை வீசித் துரத்தினான். வெறுங்கூடையோடு திரும்ப மனமில்லாமல் இருவரும் கிளேபாங்கையும் தாண்டி நடந்தார்கள். அங்கே ஒரு சிற்றாறு கடலில் விழுகிறது. இரண்டு பக்கமும் பக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் சேற்றில் வேர் ஊன்றி நிற்கும். ஆள் நடமாட்டமே இல்லை.

கெராங் அகப்படவில்லை. வேர்களுக்கிடையில் குனிந்து தேடிக்கொண்டிருந்த ஜெயா கூவினாள்.

“அண்ணி, இங்க வாங்க! பெலங்காஸ்! ஜோடி ஜோடியா கெடக்கு!”

ருக்மணி போய்ப் பார்த்தாள். நான்கு ஜோடி. சேற்று நிறத்தில், கையகலத்தில் இருந்தன.

“சின்னதா இருக்கே ஜெயா. அக்கா புடிச்சது பெருசாவுல்ல இருந்துச்சு.”

“அது பெருசு, இது குட்டி. குட்டின்னா இன்னும் ருசியா இருக்கும்.”

ருக்மணிக்கு ஒரு நிமிடம் யோசனையாகத்தான் இருந்தது. பிறகு, எட்டையும் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பத்து மணி வாக்கில் முற்றத்தில் மூன்று கல் வைத்துத் தீ மூட்டினார்கள். நண்டுகள் சூட்டில் கால்களை மெல்ல அசைத்தன. பக்கத்தில் குந்தியிருந்த கோகிலா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

“எனக்கு வேணாம். சிலந்தி.”

“சிலந்தி இல்லடி, நண்டு. வா, அத்தை ஊட்டிவிடுறேன்.”

“வேணாம்” என்று அவள் பின்வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ருக்மணி அவளை வற்புறுத்தவில்லை. முந்தின நாள் கிழங்கு கொஞ்சம் மிச்சமிருந்தது, அதைக் கொடுத்தாள்.

பெண் நண்டு நான்கில்தான் முட்டை இருந்தது. அதுவும் கொஞ்சம்தான். மீனாச்சி செய்ததுபோலவே குடலை எறிந்துவிட்டு முட்டையை இரண்டு இலைகளில் பங்கு வைத்தார்கள். ஜெயா தன் பங்கை நொடியில் முடித்துவிட்டு இலையை வழித்தாள். ருக்மணி இரண்டு வாய் தின்றிருந்தாள். மீதியை அப்படியே ஜெயாவின் இலைக்குத் தள்ளினாள்.

“உங்களுக்கு வேணாமா அண்ணி?”

“எனக்குப் போதும். நீ சாப்புடு.”

ஜெயா சாப்பிட்டாள், முதுகை நிமிர்த்தி ஏப்பம் விட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு நிறைந்தது என்று சொல்லிச் சிரித்தாள். கிணற்றடியில் கை கழுவும்போது உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“ஒதடு ஒரு மாதிரி மதமதன்னு இருக்கு அண்ணி. மொளகா அதிகமாப் போச்சா?”

“மொளகாயே போடலையே ஜெயா.”

சொல்லும்போதே ருக்மணிக்கும் நாக்கு நுனி தடித்தது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. ஜெயா குனிந்து வாந்தியெடுத்தாள். எழுந்து நிற்கப் பார்த்தவள் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். “அண்ணி, காலு வரல” என்றாள். பேச்சு குழறியது. ருக்மணி அவளை அக்குளில் கைகொடுத்து அறைக்குள் இழுத்துப்போய்ப் பாயில் கிடத்தினாள். மீனாச்சியைக் கூப்பிடலாம் என்று வாசலுக்குத் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதுக்குக் கால் இல்லை. பாயோரமாகவே மல்லாந்து விழுந்தாள்.

கோகிலா வந்து எட்டிப் பார்த்தாள். தாயைத் தொட்டாள். பிறகு மீனாச்சியிடம் ஓடினாள். அம்மாவும் அத்தையும் சிலந்தி சுட்டுத் தின்றார்கள், இப்போது இரண்டு பேரும் பகலிலேயே படுத்துவிட்டார்கள் என்று மலாயில் சொன்னாள்.

மீனாச்சி காய்ச்சலோடு கம்பளியை இழுத்துக்கொண்டு வந்தாள். சாம்பல் மேட்டில் கிடந்த ஓட்டைப் பார்த்தாள். குனிந்து ஒரு வாலை ஒடித்தெடுத்தாள். பெலங்காஸின் வால் மூன்று பட்டையாக, கைக்குள் உறுத்தும். இது அவள் விரல்களுக்கிடையில் பென்சில் போல உருண்டது; விஷ நண்டு.

“கெரொஞ்சோ!” என்று அவள் அலறியது அறைக்குள் ருக்மணிக்குக் கேட்டது. “கெரொஞ்சோவைத் தின்றுவிட்டார்கள்! கணபதி! கணபதி!”

ருக்மணிக்கு எல்லாம் கேட்டது. மீனாச்சியின் தம்பி கணபதி ஓடி வந்தது, டிரசரைக் கூட்டிவா என்று அவள் அவனை விரட்டியது, சைக்கிள் கடகடவென்று போனது. டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தான். அந்தச் சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. ருக்மணியின் கண் திறந்திருந்தது. தகரக் கூரையில் ஓர் ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கண்ணை அந்தப் பக்கமிருந்து நகர்த்த முடியவில்லை. மீனாச்சி இருவரையும் மாறி மாறி உலுக்கினாள். உலுக்குவது எங்கேயோ வேறொருத்தியின் தோளில் நடப்பதுபோல இருந்தது.

அவள் பயப்படவில்லை. பிற்பாடு அதை நினைத்தால் அவளுக்கே வியப்பாக இருக்கும். மாசி மாதத்திலிருந்து அவள் இருந்த இருப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொடியில் துணி காய்கிறது, மழை வந்தால் நனையும் என்று ஒரு நினைப்பு வந்தது.

இடது பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஜெயாவின் மூச்சு கேட்டது. முதலில் வேகமாக, இரைப்பு வந்ததுபோல. பிறகு இடைவெளி விட்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் சிறு விக்கல். ருக்மணி தலையைத் திருப்பப் பார்த்தாள். தலை திரும்பவில்லை. ஜெயா, ஜெயா என்று உள்ளுக்குள் கூப்பிட்டாள். அடுத்த மூச்சு வந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததற்காகக் காத்திருந்தாள். வெளியே கோழி ஒன்று மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. காத்திருந்தது வரவேயில்லை.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த சிவகாமசுந்தரி உள்ளே வந்து இருவரின் மூக்கிலும் கை வைத்துப் பார்த்தாள்.

“ரெண்டும் போயிருச்சு. பாவம், புருசன் சயாம்ல கெடக்கான். யாரு கொள்ளி வைப்பா? தள்ளுங்க, கண்ணை மூடிவிடுவோம்.”

அவளுடைய விரல்கள் ருக்மணியின் இமைகளை இழுத்து மூடின. வெளிச்சம் போய்விட்டது. காலைக் கட்ட யாரோ கயிறு தேடினார்கள்.

“கட்டாதே! அவள் சாகவில்லை. கெரொஞ்சோ தின்றவர்கள் செத்தது மாதிரிதான் கிடப்பார்கள். டிரசர் வரட்டும்!” என்று மீனாச்சி மலாயில் கத்தினாள்.

“அந்தம்மாவுக்குக் காய்ச்சல். என்னமோ பேசுது” என்றாள் சிவகாமசுந்தரி. ஆனாலும் கயிற்றை வைத்துவிட்டாள். மீனாச்சி ருக்மணியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. அவளுடைய உடம்புச் சூடு ருக்மணியின் நெற்றிக்குக் கொஞ்சம் தெரிந்தது. மார்பின்மேல் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோலப் பாரம். காற்று உள்ளே வர வழியில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பொன்னுதுரை வந்தபோது அவளுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. முதலில் ஜெயாவிடம் குனிந்திருக்க வேண்டும். பிறகு குரல் கிட்டே வந்தது.

“அந்தப் பிள்ளை போயிட்டுது. இவவுக்கு நாடி இருக்கு. எல்லாரும் விலகுங்கோ! குப்புறப் போடுங்கோ இவவை!”

அவளைக் குப்புறப் புரட்டித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். முதுகின் கீழ்ப்பாகத்தில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்து அழுத்தின. உள்ளே இருந்த காற்று வெளியே போனது. கைகள் விட்டன. கொஞ்சம் காற்று உள்ளே வந்தது. மீண்டும் அழுத்தின.

“இந்த நஞ்சு நரம்பைக் கட்டிப்போடும். இருதயம் அடிக்கும், மூச்சுத்தான் நிக்கும். நஞ்சு இறங்குமட்டும் நாங்கள்தான் மூச்சு விட்டுக் குடுக்கவேணும். ஒரு நிமிசம்கூட நிப்பாட்டக் கூடாது.”

பிறகு கணபதிக்கு மலாயில் கற்றுக்கொடுத்தார். “தெக்கான்” என்றால் அமுக்க வேண்டும். “லெப்பாஸ்” என்றால் விட வேண்டும். தெக்கான், லெப்பாஸ். தெக்கான், லெப்பாஸ். கணபதி களைத்தால் டிரசர். டிரசர் களைத்தால் கணபதி. இருவருமே கிழங்கு தின்று நடமாடுகிறவர்கள்; கால் மணி நேரத்துக்குமேல் யாராலும் தாக்குப் பிடிக்க முடியவில்லை. பிறகு சிவகாமசுந்தரியும் வந்து முட்டி போட்டாள். மலாய்ச் சொல் அவள் வாயில் ‘தக்கான், லப்பாஸ்’ என்று வந்தது. மீனாச்சி நடுங்கும் கையால் முயன்று பார்த்தாள். டிரசர் அவளை நகரச் சொன்னார். அவள் அங்கிருந்தே வாயால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எத்தனை மணி நேரம் என்று ருக்மணிக்குத் தெரியாது. அவள் முகம் இருந்த பக்கம் ஜெயாவின் பக்கம். இமை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. இடையில் ஜெயாவைத் தூக்கிக்கொண்டு போனதும் தெரிந்தது. பாய் உரசியது, யாரோ “மெதுவா, மெதுவா” என்றார்கள்.

கோயிலில் சாயங்கால மணி அடித்தபோது கோகிலாதான் சொன்னாள்.

“அம்மா வெரல ஆட்டுது.”

டிரசர் ருக்மணியின் உள்ளங்கைக்குள் தன் விரலை வைத்தார். “பிடிக்க ஏலுமோ பாப்பம்” என்றார். அவள் பிடித்தாள். பிடித்தாள் என்று சொல்ல முடியாது, விரல்கள் மடங்கின. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார்.

“தண்ணி குடுத்திடாதேங்கோ. புரையேறும். நாளைக்கு விடிஞ்சாப் பிறகு பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயாவை மறுநாள் காலையில் அடக்கம் செய்தார்கள். ருக்மணியால் எழுந்து உட்கார முடிந்தது, நடக்க முடியவில்லை. புதுத் துணி ஊரில் எங்கேயும் கிடையாது. பிணத்தைச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டிருந்தது. மீனாச்சி தன் கல்யாணத்துப் பாத்திக் சாரோங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நீலப்பூ போட்டது. அதைச் சுற்றி முற்றத்தில் கிடத்தியபோது ருக்மணியை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒட்ட வெட்டிய தலை மட்டும் தெரிந்தது. எல்லோரும் அவள் அழட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் போன பிறகு மீனாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வாலைப் பார்க்க வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை” என்றாள். “எங்கள் வீட்டில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.”

“பரவாயில்ல அக்கா” என்றாள் ருக்மணி. அது தமிழில் வந்துவிட்டது. மீனாச்சிக்குப் புரிந்ததோ இல்லையோ தெரியாது.

நான்காம் நாள் இருவரும் கூடையை எடுத்துக்கொண்டு லிம்போங்கானுக்குப் போனார்கள். போகாமல் முடியாது, கோகிலா இரண்டு நாளாக வெறும் கிழங்குத் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தாள். கம்பியை எடுத்துவிட்டிருந்தார்கள். மீனாச்சி முன்னால் நடந்தாள். ஒவ்வொரு சிப்பியாகத் தூக்கிக் காட்டி, இது தின்னலாம், இது வாய் திறந்து கிடந்தால் எடுக்காதே, இந்த மீனின் முதுகு முள் குத்தினால் காய்ச்சல் வரும் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆறு மாதமாக ருக்மணி கையால் பொறுக்கும் கெராங்கைக்கூட எடுத்துக் காட்டிச் சொன்னாள். ருக்மணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு கரையில் ருக்மணிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிளேபாங் பக்கத்திலிருந்து வருகிறவர்களை நிறுத்தி அவர்கள் கூடைக்குள் கையை விடுவாள். திட்டினாலும் விடமாட்டாள். சிறிய நண்டு இருந்தால் வாலை உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் எடுத்துக் கடலில் வீசிவிட்டுப் பேசாமல் நடப்பாள். ஒரு சீனக் கிழவன் அவளைத் துடுப்பால் அடித்திருக்கிறான். சயாமுக்குப் போனவன் பெண்சாதி, புத்தி கலங்கிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

தை பிறப்பதற்கு முந்தின நாள் செட்டிகள் இறந்துபோன முன்னோர்களுக்கு வாழை இலையில் படையல் வைப்பார்கள். அந்த வருடம் படைக்க ஒன்றுமில்லை. மீனாச்சி கிழங்கையும் கொஞ்சம் கூனிச் சம்பால் துவையலையும் வைத்தாள். தன் மனிதர்களுக்கு இலை போட்ட பிறகு இன்னொன்று போட்டாள். ஜெயா அவளுக்கு எந்த உறவும் இல்லை. பிறகு கையில் ஓர் இலையோடு திரும்பி, தியாகுவுக்கும் போடவா என்று கேட்பதுபோல ருக்மணியைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள் ருக்மணி. அவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் சொன்னதல்ல. தெரியாத விஷயத்துக்கு எதற்கு இலை என்று நினைத்தாள். மீனாச்சி இலையை மடித்து வைத்துவிட்டாள்.

ஜப்பான்காரன் போய் இரண்டு மாதம் கழிந்து, நவம்பரில் ஒரு காலை நேரத்தில் தியாகு வந்தான். முற்றத்தில் வந்து நின்றவனை ருக்மணி பிச்சைக்காரன் என்று நினைத்து, “ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லிவிட்டாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே பெரிய புண். இலையை வைத்துக் கட்டியிருந்தான். தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்தது. அவனுக்கு முப்பத்திரண்டு வயது.

அவள் வெந்நீரில் உப்புப் போட்டு எடுத்துவந்து புண்ணைக் கழுவினாள். எலும்பு தெரிந்தது. அவன் காலை இழுக்கவில்லை.

“வலிக்குதா?”

“தெரியல.”

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான். “என்ன புள்ள பொறந்துச்சு?”

“ஆம்பளப் புள்ள. நடராஜன்னு பேரு வச்சேன். அஞ்சு மாசம் இருந்துச்சு.”

அவன் தலையாட்டினான். “ஜெயாவ யாருக்காவது கட்டிக் குடுத்துட்டியா?”

ருக்மணி சொன்னாள். கம்பி போட்டிருந்ததையும், கிளேபாங் தாண்டிப் போனதையும், சிறிதாக இருக்கிறதே என்று தனக்குத் தோன்றியதையும் சொன்னாள். தன் பங்கை ஜெயாவின் இலைக்குத் தள்ளியதைச் சொன்னாள். ஒன்றும் விடவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“பசியோட போகலையே?”

“இல்ல. வயிறு நெறஞ்சிருச்சுன்னு சொன்னா.”

“சரி.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை நாளும் மீனாச்சியிடம்கூடச் சொல்லாத ஒன்று அவள் வாயில் வந்துவிட்டது.

“பக்கத்துலதான் கெடந்தேன். அவ மூச்சு நிக்கிறது எனக்குக் கேட்டுச்சு. தலயத் திருப்ப முடியல.”

தியாகு அவளைப் பார்த்தான். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

“எனக்கும் கேட்டுருக்கு” என்றான். “பாய்ல பக்கத்துல படுத்தவன் மூச்சு நிக்கிறது. நம்ம ரோட்டு மராமத்து ஆளுங்கதான் பாதிப் பேரு. தெனமும் கேக்கும்.”

அவர்கள் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அவன் உயிரோடு இருந்த மற்ற வருடங்களிலும் பேசவில்லை. அடுப்பில் சோறு பொங்கியது. வெள்ளைக்காரன் கப்பலில் வந்த அரிசி. ருக்மணி எழுந்துபோய் மூடியைத் திறந்து, தீயைக் குறைத்தாள். கோகிலா மீனாச்சியின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“கோகிலா, அப்பாவுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடு” என்றாள் ருக்மணி.

பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவனுக்குச் சற்றுத் தள்ளியே கீழே வைத்துவிட்டு ஓடிப்போனாள். தியாகு காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டி அதை எடுத்துக் குடித்தான்.